மலையிடம் வாங்கிய மந்தை: ஆண்டீஸ் மலைநாட்டின் எர்ரான்சா விழா, ஓர் எளிய விளக்கம்

பெரு நாட்டின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில், மந்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வான்காயோ என்னும் நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆண்டுதோறும் ஜூலை 24ஆம் தேதி இரவு, கால்நடை வைத்திருக்கும் குடும்பத்தார் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து, ஒரு மேசையைச் சுற்றியோ தரையில் விரித்த கம்பளித் துணியைச் சுற்றியோ அமர்கிறார்கள். நடுவில், ஆண்டீஸ் மக்கள் மெல்லவும் படைக்கவும் பயன்படுத்தும் கொக்கா இலை குவிந்து கிடக்கும். வந்தவர்கள் அந்தக் குவியலைக் கையால் அளைந்து, கிழியாத, பூச்சி அரிக்காத, நுனி மடங்காத இலைகளை மட்டும் பொறுக்கித் தமக்கு முன்னால் சேர்க்கிறார்கள். இப்படிச் சேரும் முழு இலைகள் வரும் ஆண்டில் அந்தப் பட்டியில் பிறக்கப்போகும் கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் குறியாக எண்ணப்படுகின்றன. விடிந்ததும் மாடுகளும் ஆடுகளும் பட்டிக்குள் அடைக்கப்படும். இளங்கன்றுகளுக்கு அடையாளம் இடப்படும். காதுகளில் வண்ண நாடாக்கள் கட்டப்படும். பிறகு பாட்டும் கொம்பொலியும் தொடர, மந்தை மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்படும். இந்த இரவும் பகலும் சேர்ந்த சடங்குத் தொகுதிக்கு எர்ரான்சா என்று பெயர்.

ஸ்பானிய மொழியில் இரும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் சூடு போட்டு உரிமைக் குறி இடுவதே அதன் நேர்ப்பொருள். ஆனால் செம்மறி ஆட்டுக்கும், ஒட்டக இனத்தைச் சேர்ந்த மலை விலங்குகளான லாமாவுக்கும் அல்பாக்காவுக்கும் சூடு போடும் வழக்கம் இல்லை. காது மடலின் ஓரத்தை வெட்டுவதுதான் அவற்றுக்கு அடையாளம். ஆகவே பெயர் இரும்பைச் சொன்னாலும் விழாவின் பெரும்பகுதி கத்தியாலும் கம்பளி நூலாலும் நடக்கிறது. இதே விழாவுக்கு இடத்துக்கு இடம் வேறு பெயர்களும் உண்டு. மந்தாரோ பள்ளத்தாக்கில் மக்கள் அதைச் சாந்தியாகோ என்றோ, செல்லமாகத் தைத்தா ஷாந்தி என்றோ சொல்கிறார்கள். வடமேற்கு அர்ஜென்டினாவில் அது செஞ்ஞலாதா. வட சிலியில் ஃப்லோரேயோ, அதாவது பூச்சூட்டல். பொலிவியாவின் அய்மாரா மக்களிடையே கில்பா.

புதிதாகக் கேள்விப்படுபவர்களிடம் இதனைக் "கால்நடைகளுக்கு மரியாதை செய்யும் விழா" என்று ஒரே வரியில் அறிமுகப்படுத்துவது வழக்கம். அது தவறில்லை; ஆனால் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் விழாவில் நடப்பவற்றில் பாதிக்கு மேல் புரியாமல் போகும். மரியாதை செய்ய வேண்டிய விலங்கின் காதை ஏன் வெட்ட வேண்டும்? வெட்டிய துண்டை எறிந்துவிடாமல் ஏன் எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டும்? விலங்குக்கு ஊற்றுவதைக் காட்டிலும் அதிகமான மதுவை ஏன் மண்ணில் ஊற்ற வேண்டும்? இவற்றுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: மந்தையின் உண்மையான உடைமையாளர் யார் என்ற கேள்வியில்.

மந்தைக்கு உடையவர்

பெருவின் அயாகூச்சோ, வன்காவெலிகா, ஹூனின் ஆகிய மாநிலங்களின் கெச்சுவா மொழி பேசும் சிற்றூர்களில் பெரிய மலை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுமை உண்டு. அந்த ஆளுமையை வமானி என்று அழைக்கிறார்கள். தெற்கே குஸ்கோ பகுதியில் அதே ஆளுமைக்கு அப்பு என்றும், வனுகோ பக்கத்தில் ஹிர்கா என்றும் பெயர். வமானி மலையில் குடியிருக்கும் தெய்வம் என்பதைவிட மலையே வமானி என்று சொல்வது அவர்களின் எண்ணத்துக்கு நெருக்கமாக இருக்கும். மழையும் ஊற்றும் புல்லும் அவருடையவை. புல் அவருடையது என்றால் புல்லைத் தின்று வளர்வதும் அவருடையதுதான்.

இந்த எண்ணத்தை மலைவாழ் மக்கள் மிக அழகாக விரித்துச் சொல்வார்கள். யாரும் வளர்க்காமல் மலையில் திரியும் காட்டு விலங்குகள் அவர்கள் பார்வையில் காட்டு விலங்குகளே இல்லை. அவை வமானியின் வீட்டு விலங்குகள். லாமாவின் காட்டு உறவான விக்கூஞ்ஞா அவருடைய லாமா. அதன் முதுகில் ஏற்றித்தான் அவர் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுசெல்கிறார். நரி அவருடைய நாய். காண்டர் கழுகு அவருடைய கோழி. பூமா அவருடைய பூனை. ஆகவே மனிதனின் பட்டிக்குள் நரி புகுந்து ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு போனால், உடையவரின் நாய் வந்து வரவேண்டியதை எடுத்துப் போயிற்று என்று அதற்குப் பொருள் சொல்ல முடிகிறது. அப்படி வந்து எடுக்கும் நிலை ஏற்படாமல், மனிதர்களே முன்கூட்டிச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிடுவதுதான் எர்ரான்சாவின் உட்பொருள். மலைக்கு வைக்கும் படையலை அயாகூச்சோ பகுதியில் பகாப்பு என்பார்கள். பணம் செலுத்துவதைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான பாகோ என்பதிலிருந்து அது வந்தது. காணிக்கை, வேண்டுதல் போன்ற சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் மக்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கணக்கு வழக்குச் சொல்லை என்பது என்னைப் பொறுத்தவரை இந்த விழாவைப் புரிந்துகொள்ள உதவும் முதல் திறவுகோல்.

டிட்டிகாக்கா ஏரிக்கரையில் உள்ள தென்பெருவின் பூனோ மாநிலத்தில், பராத்தியா என்னும் ஊரின் அல்பாக்கா மேய்ப்பர்களிடையே 1960களில் ஆய்வு செய்த பெரு நாட்டு மானிடவியலாளர் ஹோர்ஹே ஃப்லோரெஸ் ஒச்சோவா, இதே கருத்தின் இன்னும் கூர்மையான வடிவத்தை அப்பகுதி மேய்ப்பர்களின் நம்பிக்கைகளிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். அந்த நம்பிக்கையின்படி அல்பாக்காக்கள் நீரூற்றுகள், ஏரிகள் வழியாகக் கீழுலகத்திலிருந்து மேலே வந்தவை; மனிதர்களுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டவை. அவற்றைச் சரியாகப் பேணாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். கடைசி அல்பாக்கா போகும் நாள் உலகம் முடியும் நாள்.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஹூனின் மாநிலத்தின் உயர்புல்வெளியில் தெலார்மாச்சாய் என்னும் பாறைக் குடிலில் நடந்த அகழாய்வில் கிடைத்த எலும்புகள், அப்பகுதி மக்கள் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு விலங்குகளை வேட்டையாடுவதிலிருந்து அவற்றைப் பழக்கி வளர்ப்பதற்கு மாறிவிட்டதைக் காட்டுகின்றன. 4,000 மீட்டருக்கு மேலே பயிர்த்தொழிலுக்கு அதிக இடமில்லை. இச்சு என்னும் முரட்டுப் புல் மட்டுமே பரந்து கிடக்கும். அந்தப் புல்லை இறைச்சியாகவும் கம்பளியாகவும் எருவாகவும் சுமை தூக்கும் முதுகாகவும் மாற்றித் தந்தவை லாமாவும் அல்பாக்காவும்தான். அவை ஏறத்தாழ பதினொரு மாதம் சுமந்து ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி போடுபவை. அந்த ஒரு குட்டியும் இரவுக் குளிரிலோ மின்னலிலோ நரியின் வாயிலோ போய்விட்டால் ஓர் ஆண்டு வீண். இப்படி மெல்லப் பெருகி விரைவில் அழியக்கூடிய செல்வத்தை நம்பி வாழ்ந்தவர்கள், அதன் பெருக்கம் தம் கையில் இல்லை என்று எண்ணியதில் வியப்பில்லை.

கல்லில் அடங்கிய உயிர்

மந்தை பெருகும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் மேய்ப்பர்களிடம் விடை உண்டு. அது இல்யா எனப்படும் சிறு கற்களில் இருக்கிறது. இயற்கையாகவே விலங்கின் சாயலில் அமைந்த கல்லாகவோ, விலங்கின் உருவில் செதுக்கிய கல்லாகவோ இல்யா இருக்கலாம். குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். ஆண்டு முழுதும் துணியில் சுற்றி மறைத்து வைத்திருக்கும் அந்தக் கற்களைச் சடங்கு இரவில்தான் வெளியே எடுத்து, படையல் துணியின் நடுவில் வைத்து, கொக்கா இலையும் மதுவும் கொடுப்பார்கள். தென்பெரு மேய்ப்பர்கள் அந்தக் கல்லுக்குள் உறையும் உயிராற்றலை எங்கா என்று அழைக்கிறார்கள்.

ஸ்பானியர் வருமுன் ஆண்டீஸ் பகுதியை ஆண்ட இன்காக்களின் காலத்தில் இதற்கு இணையான பொருள் கொனோப்பா. முதுகில் குழிவுள்ள, உள்ளங்கை அளவிலான அல்பாக்கா வடிவக் கற்களை இன்று பல அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அந்தக் குழிவில் லாமாக் கொழுப்பையும் கொக்காவையும் நிரப்பி மேய்ச்சல் நிலத்தில் புதைப்பார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார்கள் 17ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் இவற்றைக் கைப்பற்றி உடைத்தார்கள். உடைக்க உடைக்கப் புதிய கற்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஆற்றோரத்தில் கிடக்கும் ஒரு கூழாங்கல் எப்போது இல்யாவாகும் என்று பாதிரிக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்து ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, 1615 வாக்கில் தன் நெடிய கையெழுத்து நூலை முடித்த பழங்குடி எழுத்தாளர் குவாமன் போமா தரும் ஒரு காட்சி. இன்கா அரசர் விழா நாளில் சிவப்பு லாமா ஒன்றின் அருகில் நின்று, அந்த லாமாவின் குரலையே சுருதியாகக் கொண்டு, அது எழுப்பும் ஒலியைப் போலவே நெடுநேரம் இழுத்துப் பாடுகிறார் என்று எழுதி, அதற்கொரு படமும் வரைந்திருக்கிறார். மாமன்னன் லாமாவிடம் சுருதி கேட்டு நிற்கும் அந்தப் படம், மந்தைக்கும் ஆட்சிக்கும் இருந்த நெருக்கத்தை வேறெதையும் விடத் தெளிவாகச் சொல்கிறது.

இடியின் மகன் எப்படி வந்தார்

விழா ஜூலை 25ஆம் தேதியில் அமைந்ததற்குக் காரணம் ஒரு கிறிஸ்தவப் புனிதர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் அதே திருத்தூதர் யாக்கோபுதான் ஸ்பானியரின் சாந்தியாகோ. அவருடைய திருநாள் ஜூலை 25. மீனவராக இருந்து சீடரான அவர், ஸ்பானிய நாட்டு மரபில் வெள்ளைக் குதிரை மீதேறி வாளோடு வரும் போர்வீரராக மாறிவிட்டிருந்தார். ஸ்பானியப் படைகள் அவர் பெயரைக் கூவிக்கொண்டே பாயும். கூடவே துப்பாக்கிகள் வெடிக்கும்.

இதைக் கேட்ட ஆண்டீஸ் மக்களுக்குப் பழக்கமான ஒருவர் நினைவுக்கு வந்தார். இன்காக்களின் இடி, மின்னல், மழைத் தெய்வமான இல்யாப்பா. 1536இல் இன்கா அரசர் மான்கோ இன்காவின் படை, ஸ்பானியர் கைப்பற்றியிருந்த இன்காத் தலைநகர் குஸ்கோவை முற்றுகையிட்டபோது சாந்தியாகோ பெரும் இடிமுழக்கத்தோடு வானிலிருந்து இறங்கி ஸ்பானியரைக் காத்தார் என்ற கதையைச் சொல்லும் குவாமன் போமா, அது முதல் பழங்குடி மக்கள் மின்னலையே சாந்தியாகோ என்று அழைக்கத் தொடங்கிவிட்டதாகவும் எழுதுகிறார். மாற்கு நற்செய்தியில் இயேசு யாக்கோபுக்கும் அவர் தம்பி யோவானுக்கும் "இடிமுழக்க மக்கள்" என்று பொருள்படும் பெயரிட்டதாக ஒரு வரி இருக்கிறது. பிரசங்கத்தில் அதைக் கேட்டவர்களுக்குத் தங்கள் ஊகம் உறுதிப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

திருச்சபைக்கு இந்தக் குழப்பம் நன்றாகவே தெரிந்திருந்தது. பப்லோ ஹோசே தே அர்ரியாகா என்னும் இயேசு சபைத் துறவி 1621இல் வெளியிட்ட அறிக்கை நூலில், இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களில் ஒருவர் மின்னலின் பிள்ளை என்று நம்பி, அந்தப் பிள்ளைக்குச் சாந்தியாகோ என்று பெயரிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். பழங்குடியினர் அந்தப் பெயரை வைக்கக் கூடாது, வேண்டுமானால் தியேகோ என்று வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட விதி செய்தார்கள். அதே புனிதரின் பெயருக்கு இன்னொரு வடிவம்தான் தியேகோ. பெயரை மாற்றினால் மின்னல் போய்விடுமா? உயர்புல்வெளியில் மரமில்லை, ஒதுங்க இடமில்லை. ஓர் இடிக்கு ஒரு மந்தையின் பாதி சாய்ந்துவிடக்கூடும். மழையைக் கொடுத்துப் புல்லை வளர்ப்பவரும், மின்னலை எறிந்து மந்தையைக் கொல்பவரும் ஒருவரே என்றால், அவரை மந்தையின் காவலராக வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை. அப்படித்தான் சாந்தியாகோ மந்தாரோ பள்ளத்தாக்கில் "தைத்தா", அதாவது அப்பா, ஆனார். இன்று ஒரே படையலில் அவருடைய சிற்றுருவமும், வமானிக்கான கொக்காவும், இல்யாக் கற்களும் அருகருகே இருக்கும். இவற்றில் எது கிறிஸ்தவம், எது பழைய சமயம் என்று பிரித்துக் கேட்டால், கேட்பவர் மட்டும்தான் குழம்புவார்.

இரவும் பகலும்

விழாவுக்கு முன்னரே இளைஞர்கள் மலையுச்சிகளுக்குப் போய் லிமா லிமா, வில வில போன்ற பூக்களையும் வமான்ரிப்பா என்னும் மூலிகையையும் பறித்து வருவார்கள். இவை ஊரில் பூப்பவை அல்ல. குளிர் மிகுந்த மேட்டில், வமானியின் மடியில் பூப்பவை. தொப்பியில் அவற்றைச் செருகிக்கொண்டு திரும்புகிறவர்கள் மலையின் அனுமதியோடு வருகிறார்கள் என்று கொள்ளப்படுகிறது.

ஜூலை 24 இரவு விழிப்பிரவு. இல்யாக்களும் கொக்காவும் மக்காச்சோளத்தில் வடித்த சிச்சா மதுவும் மறுநாள் கட்டவேண்டிய நாடாக்களும் படையலில் வைக்கப்படும். வன்காவெலிகா, அயாகூச்சோ பகுதிகளில் யாம்பு என்னும் வெண்ணிறப் பொடியும் அங்கே இருக்கும். வெள்ளை மக்காச்சோள மாவும் மென்மையான கல்லின் தூளும் கலந்தது அது. தொடக்கத்தில் சொன்ன இலை பொறுக்கல் நடப்பது இந்த இரவில்தான். நிறைய முழு இலை சேர்த்தவரைப் பாராட்டுவதும், கிழிந்த இலையை நைசாக நுழைக்கப் பார்த்தவரைக் கேலி செய்வதுமாக அது ஒரு விளையாட்டு போலவே போகும். ஆனால் முடிவில் இலைகளை எண்ணும்போது வீட்டுக்காரர் விளையாடுவதில்லை.

அதே இரவில் மந்தாரோ பள்ளத்தாக்கில் லூசி லூசி என்றொரு சடங்கும் உண்டு. காய்ந்த இச்சுப் புல்லைக் கட்டாகக் கட்டித் தீ மூட்டி, அந்தப் பந்தங்களோடு பட்டியைச் சுற்றியும் வீட்டைச் சுற்றியும் ஓடுவார்கள். நோயையும் தீய ஆவிகளையும் மந்தையின் இருப்பிடத்திலிருந்து விரட்டுவது இதன் நோக்கம். ஜூலை அங்கே கடுங்குளிர்காலம், வறண்ட காற்று, வானம் துல்லியமாக இருக்கும். எதிரெதிர் மலைச்சரிவுகளில் ஒவ்வொரு குடும்பத்தின் தீயும் ஓடுவதைப் பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கலாம்.

மறுநாள் நடப்பது உடலுழைப்பு மிகுந்த வேலை. மலைச்சரிவில் சிதறி மேயும் மாடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைத்து, முரண்டு பிடிக்கும் காளைக்கன்றைக் கயிறிட்டுச் சாய்த்து, நாலைந்து பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இதற்கு ஆள் பலம் தேவை. அந்த ஆள் பலம் ஐனி என்னும் முறையில் கிடைக்கிறது. இன்று உன் பட்டிக்கு நான் வருகிறேன், நாளை என் பட்டிக்கு நீ வா என்னும் கைமாற்று உழைப்பு அது. வந்தவர்களுக்குச் சாப்பாடும் சிச்சாவும் வீட்டுக்காரர் பொறுப்பு. நாடா கட்டுவதற்கென்று அழைக்கப்பட்டவர்கள் கிடாரிகளின் காதில் சிறு துளையிட்டு, பல நிற நாடாக்களைக் கோத்து முடிவார்கள். லாமா, அல்பாக்கா என்றால் நாடாவுக்குப் பதிலாக வண்ணக் கம்பளி நூலால் செய்த குஞ்சங்கள்.

காது வெட்டுக்கு நடைமுறைத் தேவை ஒன்று உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. உயர்புல்வெளியில் வேலிகள் குறைவு. பல குடும்பங்களின் விலங்குகள் பொது மேய்ச்சலில் கலந்து திரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காதின் எந்தப் பக்கத்தில், எந்த வடிவில் வெட்டுவது என்ற தனி முறை உண்டு; தொலைவிலிருந்தே யாருடைய ஆடு என்று சொல்லிவிடலாம். ஆக, மற்ற மனிதர்களுக்கு எதிராக "இது என்னுடையது" என்று சொல்லும் அதே வெட்டு, மலைக்கு முன்னால் "இது உன்னிடமிருந்து வாங்கியது" என்று ஒப்புக்கொள்ளும் செயலாகவும் இருக்கிறது. வெட்டிய காதுத் துண்டுகள் ஒன்று விடாமல் சேர்க்கப்படும். அவற்றை எண்ணினால் அந்த ஆண்டு எத்தனை புதிய உயிர்கள் வந்தன என்ற கணக்கு கிடைக்கும். பின்னர் கொக்காவோடும் மதுவோடும் சேர்த்துப் பட்டியின் ஒரு மூலையிலோ மலைச்சரிவில் அதற்கென்று இருக்கும் இடத்திலோ புதைப்பார்கள். கணக்கைப் பார்த்து, உடையவரிடம் ஒப்படைத்தாயிற்று. மந்தையின் ஒரு துளி இரத்தமும் சதையும் மண்ணுக்குத் திரும்புகின்றன. அதுவே விதையாகி அடுத்த ஆண்டு மந்தையாக முளைக்கும் என்பது நம்பிக்கை.

பட்டியின் வாயில் திறக்கும் நேரம்தான் ஆரவாரத்தின் உச்சம். நாடாக்கள் பறக்க மந்தை வெளியே பாயும்போது அதன் மேல் சிச்சாவையும் மாவையும் தூவுவார்கள். மனிதர்களும் ஒருவர் மேல் ஒருவர் மாவு பூசிக்கொள்வார்கள்.

கொம்பும் சிறுபறையும்

இந்த விழாவை இசையில்லாமல் நடத்த முடியாது. வக்ராபுக்கு என்பது மாட்டுக்கொம்புத் துண்டுகளைச் சூடாக்கி வளைத்து, ஒன்றோடொன்று பொருத்திச் சுருளாகச் செய்த ஊதுகருவி. கெச்சுவாவில் வக்ரா என்றால் கொம்பு. புக்கு என்றால் ஊதல். விலங்கின் கொம்புக்கும் ஊதும் கருவிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. பெரும்பாலும் இரண்டு கொம்புகளை இணையாக ஊதுவார்கள். மாடு ஸ்பானியரோடு 16ஆம் நூற்றாண்டில் வந்த விலங்கு என்பதால் இந்தக் கருவியும் அதற்குப் பிந்தியது. ஆனால் டின்யா அப்படியல்ல. கையில் தொங்கவிட்டு ஒரே குச்சியால் அடிக்கும் அந்தச் சிறுபறை ஸ்பானியர் வருகைக்கு முந்தியது. அதை அடிப்பவர்கள் பெண்கள். டின்யாவை அடித்துக்கொண்டே, கூர்மையான உச்சக் குரலில், மாட்டை நேரே விளித்து அவர்கள் பாடுவார்கள். பிரிவும் ஏக்கமும் அந்தப் பாட்டுகளில் மிகுதி. மேய்ச்சலுக்குப் போகும் கன்றைப் பற்றிப் பாடுகிறார்களா, ஊரை விட்டுப் போன பிள்ளையைப் பற்றிப் பாடுகிறார்களா என்று சில வேளை பிரித்தறிய முடியாது. வயலின் பிறகு சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் கிளாரினெட்டும் சாக்சபோனும் வந்தன. இன்று சாந்தியாகோ என்பது விழாவின் பெயராக மட்டும் இல்லாமல், ஓர் இசை வகைக்கும் நடன வகைக்கும் பெயராகிவிட்டது.

இடம் மாறினால் காலமும் மாறும்

எல்லா இடங்களிலும் இது ஜூலையில் நடப்பதில்லை. குஸ்கோ பகுதியில் சில ஊர்களில் விலங்குக்கு ஒரு நாள் என்று பிரித்திருக்கிறார்கள்: ஜூன் 24, புனித யோவான் திருநாளில் செம்மறி ஆடுகளுக்கு, ஜூலை 25இல் குதிரைகளுக்கு, ஆகஸ்ட் முதல் நாளையொட்டி லாமாக்களுக்கு. சிச்சாவை விலங்கின் மேல் தெளிப்பதே அங்கு மையச் சடங்கு. ஆகஸ்ட் தொடக்கத்தில் பூமி வாய் திறந்து பசியோடு இருக்கிறாள், அப்போது கொடுப்பது நேரே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை ஆண்டீஸ் முழுதும் பரவலாக உண்டு.

அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாநிலத்திலும் வட சிலியின் இஸ்லூகா போன்ற அய்மாரா ஊர்களிலும் விழா கோடை மழைக்காலத்துக்கு, அதாவது டிசம்பருக்கும், தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டத்துக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு உரியது. லாமாக்கள் ஈனும் பருவமும் அதுதான். ஹுஹுயில் மலைக்குப் பதில் பச்சமாமா, அதாவது பூமித்தாய், முதலிடம் பெறுகிறாள். பட்டியருகே மண்ணில் ஒரு குழி தோண்டி, கொக்காவும் சிச்சாவும் சாராயமும் அவளுக்குக் கொடுத்த பிறகே கத்தியை எடுப்பார்கள். அங்கே ஓர் அருமையான வழக்கம் உண்டு: மந்தையிலிருந்து ஓர் இளம் ஆணையும் பெண்ணையும் பிடித்து, இணையாகக் கிடத்தி, வாயில் கொக்கா இலை வைத்து, ஒரு வாய் சிச்சா ஊட்டித் திருமணம் செய்துவைப்பார்கள். அந்த இணையின் வழியே மந்தை முழுதும் பெருகும் என்பது எதிர்பார்ப்பு.

காண்டர் கழுகைக் காளையின் முதுகில் கட்டிவிடும் யவார் விழாவையும் இதையும் சிலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தென்பெருவின் சில ஊர்களுக்குரிய வேறொரு நிகழ்ச்சி. எர்ரான்சாவில் விலங்கோடு போட்டியும் இல்லை, பார்வையாளர் அரங்கும் இல்லை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலையூர்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பெருவின் தலைநகர் லீமாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு வன்முறையில் அயாகூச்சோ, வன்காவெலிகா, ஹூனின் மாநிலங்களின் சிற்றூர்களே மிகக் கொடுமையாக அடிபட்டன. மனிதர்களோடு மந்தைகளும் அழிந்தன. லீமாவில் குடியேறியவர்கள் ஊர்ச் சங்கங்கள் வைத்து ஜூலையிலும் ஆகஸ்டிலும் சாந்தியாகோ கொண்டாடுகிறார்கள். பட்டி இல்லை, ஆனால் டின்யாவும் வக்ராபுக்குவும் பூச்சூடிய தொப்பியும் இருக்கின்றன. மறுபுறம், ஊரிலேயே இருப்பவர்களில் சுவிசேஷ சபைகளில் சேர்ந்த குடும்பங்கள் மதுவையும் மலைக்கான படையலையும் விலக்குவதால் விழாவிலிருந்து ஒதுங்கிவிடுகின்றன. அவர்களும் காதில் குறி வெட்டுகிறார்கள்; துண்டுகளைப் புதைப்பதில்லை.

பயணியாக ஜூலை 25 அன்று வான்காயோவுக்குப் போகிறவர்கள் தெருவில் பார்ப்பது நடன ஊர்வலத்தை. பின்னல் பூவேலை செய்த பாவாடைகளும் பல அடுக்கு இசைக்குழுக்களுமாக அது கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆயினும் சடங்கின் உயிர் பட்டிகளில் இருக்கிறது, அங்கே அழைப்பில்லாமல் நுழைய முடியாது. ஓர் ஆறுதல் உண்டு. ஐனி முறையில் ஒருவர் பட்டிக்கு ஒருவர் போய் உதவ வேண்டியிருப்பதால் எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் விழா எடுக்க முடிவதில்லை. இன்று இந்தப் பட்டி, நாளை மறுநாள் அந்தப் பட்டி என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஜூலை 25இல் தொடங்கிய கொம்பொலி ஆகஸ்ட் மாதக் கடைசி வரையிலும் ஏதாவதொரு மலைச்சரிவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.